தொடக்கப் பெறுமானம் பெறாத மாறிகள்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கணினிக் கேள்விகளுள் ஒரே விடயத்தைச் சுற்றியவை மிகுதியாக இருந்தமையால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம். சி, சி பிளஸ் பிளஸ் ஆகிய மொழிகளில் எழுதப்பட்ட திறந்த மூலச் செய்நிரல்களைத் தொகுக்கும்போது (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது), ‘இந்த மாறி தொடக்கப் பெறுமானம் இல்லாமலே பயன்படுத்தப்படக்கூடும்’ என்று தொகுப்பான் விடுக்கும் எச்சரிக்கையை எப்படிக் கையாள்வது என்பதே அந்த விடயம். மாறி என்பது செய்நிரல் ஒரு பெறுமானத்தைப் பெயரிட்டு வைக்கும் இடம்.

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கை வைத்துக்கொள்வதற்காக, திறந்த மூலச் செய்நிரல் ஒன்றை எமது தேவைக்கேற்ப மாற்றி எழுதி வருகிறேன். மழை நாட்களில் ஈரத்துக்காகக் கழிக்கும் கிலோவைக் ‘கழிவு’ என்ற மாறியில் வைத்திருக்கிறேன். காலநிலைக் குறியீடு 2 என்றால் கழிவு 3 கிலோ. 1 என்றால் 1 கிலோ. இதுவரை எதுவும் சொல்லாமல் தொகுத்துத் தந்த ஜிசிசி தொகுப்பான், உகப்பாக்கத்தை (செய்நிரலை வேகமாக ஓடச் செய்யும் தெரிவை) இயக்கியதும் அந்த மாறியைப் பற்றி எச்சரிக்கிறது. அறிவிக்கும் வரியிலேயே பூச்சியம் இட்டேன், எச்சரிக்கை மறைந்துவிட்டது. இது சரியான திருத்தம்தானா? – வாசகர், தலவாக்கலை

பதில்: எச்சரிக்கை மறைந்துவிட்டது, ஆனால் அந்த இடத்துக்குரிய சரியான பெறுமானம் பூச்சியம்தானா என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்கு ஒரே வழி, மாறியை அறிவித்த வரியிலிருந்து அதைப் பயன்படுத்தும் வரி வரைக்கும் செல்லக்கூடிய ஒவ்வொரு பாதையிலும் நடந்து பார்ப்பதுதான்.

உங்கள் செய்நிரலில் அத்தகைய பாதைகள் மூன்று. பலத்த மழைக்கும் தூறலுக்கும் கழிவு எழுதப்படுகிறது. குறியீடு 0 ஆக இருக்கும் வெயில் நாளில் அந்த மாறியில் எவரும் எதையும் எழுதுவதில்லை. ஆயினும் அடுத்த வரியில் அது மொத்த நிறையிலிருந்து கழிக்கப்படுகிறது. ஒரு சார்புக்குள் (பெயரிட்டு அழைக்கப்படும் செய்நிரல் பகுதிக்குள்) அறிவிக்கப்படும் சாதாரண மாறிக்குச் சி மொழி தானாக எந்தப் பெறுமானத்தையும் வழங்குவதில்லை. சார்புகளுக்கு வெளியே அறிவிக்கப்படுபவையும் ‘ஸ்டாட்டிக்’ என்று குறிக்கப்படுபவையும் மட்டுமே பூச்சியத்தில் தொடங்கும். மற்றவற்றில், அடுக்கு நினைவகத்தின் (சார்புகளின் தற்காலிக மாறிகளுக்கான நினைவகத்தின்) அந்த இடத்தில் முன்னர் எழுதப்பட்டு எஞ்சியிருப்பது எதுவோ அதுவே பெரும்பாலும் வாசிக்கப்படும். ஒரே சார்பு ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் திரும்பத் திரும்ப அழைக்கப்படும்போது அதே இடமே மீண்டும் கிடைப்பது வழக்கமாகையால், காலை மழையில் நிறுத்த ஒருவருக்குரிய 3 கிலோ, வெயில் ஏறிய பின் நிறுக்க வந்த இன்னொருவரின் கொழுந்திலிருந்தும் கழிந்திருக்க இடமுண்டு. நாளுக்குரிய அளவைச் சற்றே தாண்டி நிற்கும் ஒருவருக்கு அந்த 3 கிலோ முழுப்பேரை (முழுநாள் கூலியை) அரைப்பேராக்கிவிடும். ஆகையால், இதுவரை பதிவான வெயில் நாட்களின் நிறைகளையும் தயவுசெய்து கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதை ஒரு தொழில்நுட்ப ஆலோசனையாக மட்டும் நான் சொல்லவில்லை. அது அவர்களுடைய கூலி.

வெயில் நாளுக்குப் பூச்சியம் பொருத்தமானதே. ஆனால் குறியீட்டை உள்ளிடுபவர் தவறுதலாக 4 ஐ அழுத்தினால் என்ன ஆகும்? அறிவிக்கும் வரியில் இட்ட பூச்சியம், அந்தப் பிழையான பதிவையும் வெயில் நாளாகவே ஏற்றுக்கொள்ளும். எனவே அறிவிப்பை முன்போல வெறுமையாகவே விட்டுவிடுங்கள். குறியீடு 0 க்கு ஒரு தனிக் கிளை அமைத்து, பூச்சியத்தை அங்கே எழுதுங்கள்; எஞ்சிய எல்லாக் குறியீடுகளுக்கும் இறுதிக் கிளையொன்றில் பதிவை மறுத்துச் சார்பைவிட்டு வெளியேறுங்கள். எச்சரிக்கை இப்போதும் நீங்கிவிடும். அத்துடன், வேறொருவர் பின்னாளில் புதிய குறியீடொன்றைச் சேர்த்து, அதற்குரிய கழிவை எழுத மறந்துவிட்டால், தொகுப்பான் அவரையும் எச்சரிப்பதற்கு வழியிருக்கும். அறிவிப்பிலேயே பூச்சியம் இட்டிருந்தால் அந்தக் காவல் இல்லாமற் போயிருக்கும்.

எச்சரிக்கை ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிசிசியில் இதற்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு: எந்தப் பாதையில் சென்றாலும் பெறுமானம் இல்லை என்று உறுதியாகத் தெரியும்போது ‘அன்இனிஷியலைஸ்ட்’ என்பதும், சில பாதைகளில் மட்டும் இல்லாதிருக்கக்கூடும் என்னும்போது ‘மேபி அன்இனிஷியலைஸ்ட்’ என்பதும் எழும். பின்னையது உகப்பாக்கத்துக்காகச் செய்யப்படும் பாய்வுப் பகுப்பாய்வில் தங்கியிருப்பதால், உகப்பாக்கம் இல்லாதபோது வெளிப்படுவதில்லை. கிளாங் தொகுப்பானோ, உகப்பாக்கம் இல்லாமலே மூல உரையின் கிளைகளைப் பார்த்து, எந்த நிபந்தனை பொய்யானால் மாறி வெறுமையாக இருக்கும் என்பதையும் சுட்டிக்காட்டும். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. இரண்டாலும் தொகுத்துப் பாருங்கள். உங்கள் செய்நிரலில் ஒரே நிபந்தனையும் ஒரே மாறிலியும் மட்டும் இருந்திருந்தால், வெறுமையான பாதையிலும் அதே மாறிலி இருப்பதாகவே ஜிசிசி எடுத்துக்கொண்டு, எச்சரிக்காமலே கடந்து போயிருக்கக்கூடும். எச்சரிக்கை வரவில்லை என்பதைக் கொண்டு வழு (செய்நிரல் பிழை) இல்லை என்று முடிவுசெய்ய முடியாது.

கேள்வி: எச்சரிக்கைகள் இருந்தும் எனது செய்நிரல் சரியான விடையையே தருகிறது. அப்படியிருக்க அவற்றை ஏன் பொருட்படுத்த வேண்டும்? – வாசகர், பண்டாரவளை

பதில்: இன்றைய விடை இன்றைய தொகுப்பானுக்கும் இன்றைய தெரிவுகளுக்கும் உரியது. பெறுமானம் பெறாத இத்தகைய மாறியை வாசிப்பதற்குச் சி மொழியின் நியமம் எந்த விளைவையும் வரையறுக்கவில்லை. அதனால், அப்படியொரு வாசிப்பு நிகழாது என்ற எடுகோளின் மீது நிபந்தனைகளையே நீக்கிவிடத் தொகுப்பானுக்கு உரிமை உண்டு. ஒரே மாறியை இருமுறை வாசித்தால் இரு வேறு பெறுமானங்கள் கிடைப்பதும் நடக்கக்கூடியதே. விடை சரியாக இருந்தாலும் இன்னோர் ஆபத்து இருக்கிறது: முழுமையாக நிரப்பப்படாத ஒரு தரவுக் கட்டமைப்பை வலையமைப்பினூடாக அனுப்பும்போது, முன்பு அந்த நினைவகத்தில் இருந்த கடவுச்சொல்லின் துண்டும் சேர்ந்து போய்விடலாம். ஜாவாவும் ரஸ்ட்டும் இத்தகைய வாசிப்பைத் தொகுக்கவே மறுக்கின்றன. கோ மொழி எல்லா மாறிகளையும் பூச்சியப் பெறுமானத்தில் தொடங்குகிறது. சி மொழியில் அந்தப் பொறுப்பு எழுதுபவருடையது.

கேள்வி: நான் பங்களிக்க விரும்பும் திறந்த மூலத் திட்டத்தில் இத்தகைய எச்சரிக்கைகள் பல வருகின்றன. சிலவற்றைக் கவனமாக வாசித்துப் பார்த்தபோது, உண்மையில் வழு எதுவும் இல்லையென்றே தெரிகிறது. தொகுப்பானின் தவறான எச்சரிக்கைகளை எப்படி நீக்குவது? – பொறியியல் மாணவர், பேராதனை

பதில்: வாசித்துப் பார்த்த பின் கேட்கிறீர்கள் என்பதே மகிழ்ச்சி. தவறான எச்சரிக்கைகள் பெரும்பாலும், இரண்டு மாறிகள் ஒன்றோடொன்று இணைந்து நடப்பதைத் தொகுப்பான் காணத் தவறுவதால் எழுகின்றன. ‘கிடைத்தது’ என்ற கொடி (மெய் அல்லது பொய் மட்டும் கொள்ளும் மாறி) மெய்யாகும்போது மட்டுமே ‘முடிவு’ என்ற மாறிக்குப் பெறுமானம் இடப்படுகிறது. பின்னர் அந்தக் கொடி மெய்யா என்று பார்த்த பிறகே ‘முடிவு’ வாசிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதர் வாசித்தால் ஐயம் எழாது. ஜிசிசியும் எளிய இடங்களில் இந்தத் தொடர்பைக் கண்டுகொள்ளும். ஆனால் இடையில் நீண்ட மடக்குகளோ வேறு சார்பு அழைப்புகளோ வரும்போது அதைத் தவறவிடும். இத்தகைய இடத்தில், வாசிப்பையும் எழுதும் கிளைக்குள்ளேயே கொண்டுவந்துவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். பல வேளைகளில் முடியும். அவ்வாறு மாற்றிய செய்நிரல் அடுத்து வாசிப்பவருக்கும் தெளிவாக இருக்கும்.

வேறு சில இடங்களில் தொகுப்பானுக்குத் தெரியாத ஒரு செய்தியை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். பிழைச் செய்தியை அச்சிட்டுச் செய்நிரலையே முடித்துவிடும் சார்பு ஒன்று இருந்தால், அதை ‘நோரிட்டர்ன்’ என்று அறிவியுங்கள். அதன் பின்னால் தொடரும் பாதையே கிடையாது என்பது அப்போது தொகுப்பானுக்குப் புரியும். எண்ணிடப்பட்ட வகையின் (குறித்த பெயர்களை மட்டும் பட்டியலிடும் வகையின்) எல்லா உறுப்புகளையும் ‘சுவிட்ச்’ கூற்றில் கையாண்ட பின்பும் எச்சரிக்கை வந்தால் அதை முற்றிலும் தவறென்று ஒதுக்கிவிடாதீர்கள்: அந்த வகையில் இல்லாத முழு எண்ணும் அந்த மாறிக்குள் வந்து சேரச் சி மொழியில் இடமுண்டு, எனவே இறுதிக் கிளையில் செய்நிரலை நிறுத்திவிடுவதே முறை. இவை எதுவும் பொருந்தாதபோது, குறித்த சில வரிகளுக்கு மட்டும், தொகுப்பானுக்கு இடும் ‘பிராக்மா’ கட்டளையால் எச்சரிக்கையை நிறுத்தி, அடுத்த வரியிலேயே மீண்டும் இயக்கி, காரணத்தைக் குறிப்பாக எழுதிவையுங்கள்.

மாறியை அதற்கே சமப்படுத்தி எழுதி எச்சரிக்கையை அடக்கும் பழைய உபாயம் ஒன்று உண்டு. அதை எங்கும் பயன்படுத்த வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலில் இந்த உபாயத்தைப் பொதிந்த ஒரு மேக்ரோ (சுருக்கப் பெயர்) நெடுங்காலம் இருந்தது. உண்மையான வழுக்களையும் அது மறைத்ததனால், 2020 இல் வெளியான 5.9 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. அதே ஆண்டு 5.7 பதிப்பில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ‘மேபி அன்இனிஷியலைஸ்ட்’ எச்சரிக்கையையே இயல்பு நிலையில் அணைத்துவிட்டார். ஜிசிசியின் புதிய பதிப்புகளில் தவறான எச்சரிக்கைகள் பெருகியதே காரணம். இந்த முடிவைக் காட்டித் தங்கள் திட்டங்களிலும் எச்சரிக்கையை அணைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேர்னலுக்கு ஆயிரக்கணக்கான வாசகர்கள் இருக்கிறார்கள். 2022 இல் 6.1 பதிப்பில் சேர்ந்த, பெறுமானமில்லா நினைவகத்தை ஓட்டத்தின்போதே கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. இரண்டு மூன்று பேர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் திட்டத்துக்கு அத்தகைய துணைகள் இல்லை.

கேள்வி: இத்தகைய எச்சரிக்கை ஒன்றை நிறுத்தப் போய், உலகளாவிய பாதுகாப்புச் சிக்கல் ஏற்பட்டது என்று கேள்விப்பட்டேன். உண்மையா? மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். – தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், ஹட்டன்

பதில்: உண்மை. லினக்ஸ் சார்ந்த டெபியன் இயங்குதளத்தின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகப் பொதியில் நடந்தது அது. அங்கே எச்சரித்தது தொகுப்பான் அல்ல. செய்நிரல் ஓடும்போது நினைவகப் பாவனையைக் கண்காணிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி. ஆயினும் கையாண்ட விதம் நாம் பேசும் விடயத்தோடு நேரடியாகப் பொருந்துகிறது.

இரகசியச் சாவிகளுக்குத் தேவையான எழுமாற்று (முன்கூட்டி ஊகிக்க முடியாத) எண்களைத் தரும் ஓபன்எஸ்எஸ்எல்லின் உருவாக்கியில் ஏறக்குறைய ஒரே தோற்றமுடைய இரண்டு வரிகள் இருந்தன. இரண்டும் ஒரு நினைவகப் பகுதியின் உள்ளடக்கத்தை எழுமாற்றுத் தேக்கத்துக்குள் கலக்கும் வேலையைச் செய்தன. எழுமாற்று எண்களைக் கேட்டு வருபவருக்கு அவற்றை நிரப்பிக் கொடுக்கும் சார்பில் இருந்த வரி, அவர் கொடுத்த வெறுமையான நினைவகத்தில் எஞ்சிக் கிடந்ததையும் சேர்த்துக் கலந்தது. அதை நீக்குவதால் பெரிய இழப்பு இல்லை. மற்றைய வரியோ, எழுமாற்றுத்தன்மையை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் சார்பில் இருந்தது. தேக்கத்துக்கு வரும் விதை (தொடக்க எழுமாற்றுத் தரவு) அனைத்தும் அந்த வரியின் ஊடாகவே வந்து சேர்ந்தது. பொதியைப் பராமரித்தவர், மூலத் திட்டத்தினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் இரண்டு வரிகளையும் செயலிழக்கச் செய்தார். அவர் அசட்டையாக நடந்துகொண்டார் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். கேட்டவருக்கும் பதிலளித்தவருக்கும் இடையில், எந்த வரி எந்தப் பாதையில் இருக்கிறது என்பது தெளிவாகப் பேசப்படாமல் போயிற்று.

அந்த மாற்றத்தோடு கூடிய பொதி 2006 செப்டெம்பரில் வெளியாயிற்று. அதன்பின் எழுமாற்று எண்களை வேறுபடுத்தியது, ஓடும் செயல்முறைக்கு இயங்குதளம் வழங்கும் எண் மட்டுமே. லினக்ஸில் அது அக்காலத்தில் வழக்கமாக 32,768 வரையே சென்றது. எனவே, ஒரு குறித்த வகைக் கணினியில் குறித்த நீளத்துக்கு உருவாகக்கூடிய சாவிகள் அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கிப் பட்டியலிட்டுவிட எவராலும் முடிந்தது. 2008 மே 13 ஆம் திகதி டெபியன் இதை அறிவித்தபோது, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் அந்த இடைக்காலத்தில் உருவாக்கிய, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளையும் இணையச் சான்றிதழ்களின் சாவிகளையும் நிர்வாகிகள் கைவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 20 மாதங்கள் எவருக்கும் தெரியாமல் இருந்த வழு அது.

வகுப்பில் இதைச் சொல்லும்போது, இரண்டு சார்புகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஒவ்வொன்றிலும் அந்த நினைவகத்தை நிரப்புபவர் யார் என்று மாணவர்களிடமே கேளுங்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் தாங்களாகவே விடையைக் கண்டுவிடுவார்கள்.

கேள்வி: எமது திட்டத்தில் எச்சரிக்கைகள் அனைத்தையும் பிழைகளாகக் கருதித் தொகுப்பை நிறுத்தும் தெரிவை இயக்கி வைத்திருக்கிறோம். அது நல்ல பழக்கம்தானே? – வாசகர், கொட்டகலை

பதில்: உங்கள் கணினிகளிலும் தானியங்குப் பரிசோதனையிலும் நல்லது, பிறருக்கு வெளியிடும் மூலத்தில் இயல்புத் தெரிவாக வைக்க வேண்டாம். ஒவ்வொரு புதிய தொகுப்பானும் புதிய எச்சரிக்கைகளோடு வருகிறது. உதாரணமாக, வாசிப்பதற்கு மட்டுமென அறிவிக்கப்பட்ட சுட்டியை (நினைவக முகவரியை) ஏற்கும் சார்புக்குப் பெறுமானமில்லா நினைவகத்தை அனுப்பினால் எச்சரிக்கும் வழக்கம் ஜிசிசி 11 இல்தான் தொடங்கியது. நேற்றுவரை தொகுத்த உங்கள் மூலம், புதிய தொகுப்பானுள்ள ஒருவரிடம் காரணம் புரியாமல் நின்றுவிடும்.

கேள்வி: ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு எனது முதல் பங்களிப்பாக இத்தகைய எச்சரிக்கைகளைத் திருத்தி அனுப்ப எண்ணுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்? தோட்டத்தில் இணையம் மிகவும் மெதுவாகவே கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். – பல்கலைக்கழக மாணவி, பதுளை

பதில்: நல்ல தெரிவு. ஏனெனில் ஓர் எச்சரிக்கையைத் தீர்க்க முயல்பவர், அந்தச் சார்பை எழுதியவருக்கு அடுத்தபடியாக அதை ஆழமாக வாசித்தவராகிவிடுகிறார். ஆனால் எல்லா எச்சரிக்கைகளையும் ஒரே நாளில் பூச்சியமிட்டு அடக்கி, ஐம்பது கோப்புகளை மாற்றும் ஒரு பெரிய ஒட்டை (‘பேட்ச்’ எனும் திருத்தக் கோப்பை) அனுப்பாதீர்கள். அதைச் சரிபார்க்கப் பராமரிப்பவருக்கு நேரம் இராது; சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டால் அதைவிடக் கேடு.

ஓர் எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரி எப்போது, எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்பதை, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் பாருங்கள். பல வேளைகளில், முதலில் சரியாக இருந்த சார்பில் பின்னர் ஒருவர் சேர்த்த புதிய கிளையே எச்சரிக்கையின் காரணமாக இருக்கும். அந்தக் கிளை உண்மையிலேயே எட்டப்படக்கூடியதானால், அதை எட்டச் செய்யும் உள்ளீட்டைக் கண்டுபிடித்து, ஒரு பரிசோதனையாக எழுதிச் சேருங்கள். எனது அனுபவத்தில், ஒட்டை விரைவாக ஏற்கச் செய்வது அந்தப் பரிசோதனைதான். விளக்கக் குறிப்பில் தொகுப்பானின் பெயர், பதிப்பு, உகப்பாக்க நிலை, எச்சரிக்கையின் முழு வாசகம் ஆகியவற்றைக் கொடுத்து, எந்தப் பாதையில் மாறி வெறுமையாக இருந்தது, நீங்கள் இட்ட பெறுமானம் ஏன் அந்தப் பாதைக்குச் சரியானது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். எட்ட முடியாத பாதை என்று நீங்கள் கருதினால் அதையும் அப்படியே சொல்லுங்கள். எந்தப் பெறுமானம் சரியென்று உங்களால் தீர்மானிக்க முடியாவிட்டால், ஒட்டை அனுப்பாமல் கேள்வியாக எழுப்புங்கள். அதுவும் மதிப்புள்ள பங்களிப்பே.

இணையத்தைப் பொறுத்தவரை, முழு வரலாற்றையும் இறக்காமல் கடைசிப் பதிப்பை மட்டும் இறக்கும் ‘டெப்த்’ தெரிவு கிட்டில் உண்டு. தொகுத்துப் பார்ப்பதற்கு அது போதும். வரலாறு தேவைப்படும்போது, பல்கலைக்கழக வலையமைப்பில் ஒருமுறை முழுவதையும் இறக்கிக்கொண்டால், பின்னர் தோட்டத்தில் இணைப்பே இல்லாமலும் வேலை செய்யலாம். கிட்டின் பெரும்பாலான கட்டளைகள் இணையத்தை நாடுவதில்லை.

கேள்வி: எல்லா மாறிகளுக்கும் தானாகவே பூச்சியம் இடும் தெரிவு இப்போது தொகுப்பான்களில் இருக்கிறதாமே? அதை இயக்கினால் இந்தப் பிரச்சினை முடிந்துவிடாதா? – வாசகர், நுவரெலியா

பதில்: கிளாங்கில் முன்பே இருந்தது, 2022 இல் வெளியான ஜிசிசி 12 இலும் சேர்ந்துவிட்டது. பழைய கடவுச்சொல் கசிவது போன்ற பாதுகாப்புக் கேடுகளைத் தடுக்க அது பெரிதும் உதவும். வெளியிடும் தொகுப்பில் அதை இயக்குவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தலவாக்கலை வாசகரின் செய்நிரலில் குறியீடு 4 வந்தால், அது அப்போதும் வெயில் நாளாகவே எண்ணப்படும். செய்நிரலின் நோக்கம் தொகுப்பானுக்குத் தெரியாது. ஜிசிசி இந்தத் தெரிவை இயக்கிய பின்னும் எச்சரிக்கைகளை நிறுத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதே தெரிவில் பூச்சியத்துக்குப் பதிலாக, எளிதில் கண்ணில் படும் ஒரு விசித்திரமான பெறுமானத்தை நிரப்பச் சொல்லவும் முடியும். உருவாக்கும் காலத்தில் அதைப் பயன்படுத்துங்கள், வழு மறைந்திராமல் வெளியே வந்துவிடும்.

கேள்வி: வால்கிரைண்ட், மெமரி சானிட்டைசர் ஆகிய இரண்டில் எதைப் பயன்படுத்தலாம்? – வாசகர், மஸ்கெலியா

பதில்: தொடங்குபவருக்கு வால்கிரைண்ட். செய்நிரலை மீண்டும் தொகுக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். பெறுமானமில்லா மாறி ஒரு நிபந்தனையைத் தீர்மானிக்கும் இடத்தில் அது அறிவிக்கும். தோற்றுவாயைத் தேடும் தெரிவை இயக்கினால் அந்த வெறுமை எங்கே பிறந்தது என்பதையும் காட்டும். ஆனால் செய்நிரல் 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாகும். மெமரி சானிட்டைசர் ஏறத்தாழ 3 மடங்கே மெதுவாக்கும்; எனினும் கிளாங்கில் மட்டுமே கிடைக்கிறது, செய்நிரல் சார்ந்திருக்கும் நூலகங்கள் அனைத்தையும் அதே தெரிவோடு மீண்டும் தொகுக்காவிட்டால் தவறான அறிக்கைகள் குவியும். எந்தக் கருவியானாலும் ஓடிய பாதையை மட்டுமே பார்க்கும். ஆகவே தூறல், பலத்த மழை, வெயில், பிழையான குறியீடு என ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளீட்டை ஆயத்தம் செய்துகொண்டே ஓட்டுங்கள். அறிவிப்பிலேயே பூச்சியம் இட்ட மாறிகளைப் பற்றி இந்த இரண்டு கருவிகளும் எதுவும் சொல்லா. ஐயத்துக்குரிய பூச்சியங்களை நீக்கிவிட்டு ஓட்டுவது நல்லது.